யூனிட் ஒருங்கிணைப்பாளரின் மேசை: எதுவரை என் பொறுப்பு?

வாசகர் கேள்வி: வணிகவியல் பட்டதாரியான நான், மருத்துவமனை வரவேற்புப் பிரிவில் இரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த பிறகு, நான்கு மாதங்களுக்கு முன் 32 படுக்கைகள் கொண்ட பொது மருத்துவ வார்டுக்கு யூனிட் ஒருங்கிணைப்பாளராக மாற்றப்பட்டேன். பணி விவரம் என்று ஒரு பக்கத் தாள் கொடுத்தார்கள். அதன் கடைசி வரி "மேலதிகாரி ஒப்படைக்கும் பிற பணிகள்" என்கிறது. என் நாளின் பெரும்பகுதி அந்த வரியிலேயே கழிகிறது. மருத்துவர்கள் தொலைபேசியில் மருந்தின் பெயரையும் அளவையும் என்னிடமே சொல்லி, எழுதிக்கொள்ளச் சொல்கிறார்கள். உறவினர்கள் பரிசோதனை முடிவு என்னவென்று என்னைக் கேட்கிறார்கள். சென்ற வாரம் இரவு ஷிஃப்டில், இரத்தம் ஏற்றும் முன் "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் இரண்டாவது கையெழுத்தை என்னைப் போடச் சொன்னார்கள், போட்டேன். எது தாமதமானாலும் எல்லோரும் என் மேசைக்குத்தான் வருகிறார்கள். நான் எழுத்தரா, செவிலியருக்கு உதவியாளரா, தொலைபேசி இயக்குபவரா? எல்லாம் கணினிக்குப் போய்க்கொண்டிருக்கும்போது இந்த வேலை நிலைக்குமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தைப் படித்து முடித்தபோது என் மனம் அந்தக் கையெழுத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

இரத்தம் ஏற்றும் முன் இருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதி வெறும் சடங்கு அன்று. பொருந்தாத இரத்தம் ஏறிவிடும் விபத்துகளில் பெரும்பாலானவை, ஆய்வகத்தில் இரத்த வகையைத் தவறாகக் கண்டறிவதால் நேர்வதில்லை. ஒருவருக்கு உரிய பையை இன்னொருவருக்கு மாட்டுவதாலும், மாதிரி எடுக்கும்போதே ஆளை மாற்றிக்கொள்வதாலும்தான் நேர்கின்றன. படுக்கையருகில் நிற்கும் இருவரும், நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பெயர், பதிவு எண், பையின் எண், இரத்த வகை, பொருத்தப் பரிசோதனைப் படிவம், காலாவதி தேதி ஆகியவற்றைத் தனித்தனியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; பார்ப்பவர்கள் அதற்குத் தகுதியும் பயிற்சியும் உடையவர்களாக இருக்க வேண்டும். நீங்கள் மேசையில் அமர்ந்தபடி கையெழுத்திட்டீர்களா, படுக்கையருகே சென்று பார்த்துவிட்டு இட்டீர்களா என்பது கடிதத்தில் தெளிவாக இல்லை. எதுவாயினும் அந்தக் கையெழுத்து உங்களுடையது அன்று. இரண்டாவது செவிலியர் கிடைக்காத நேரத்தில் டியூட்டி டாக்டரை அழைக்க வேண்டும். அழைப்பது உங்கள் வேலை, சரிபார்ப்பது அவர் வேலை. நடந்ததை வார்டு பொறுப்புச் செவிலியரிடம் உடனே சொல்லி, மருத்துவமனையில் பிழை அறிவிப்புப் படிவம் இருந்தால் அதை நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் சொல்லாமல் விட்டால், அடுத்த இரவு வேறொருவரிடம் அதே தாள் நீட்டப்படும்.

தொலைபேசி வழி மருந்து ஆணைக்கும் பதில் இதுவே. எழுதிக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம், "டாக்டர், மருந்து ஆணையை நான் பதிவு செய்ய இயலாது, அந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செவிலியரை இணைப்பில் தருகிறேன்" என்று சொல்லுங்கள். முதல் இரண்டு மாதங்கள் சிலர் எரிச்சலடைவார்கள். பிறகு உங்கள் குரலைக் கேட்டதுமே செவிலியரைத் தரச் சொல்வார்கள். உங்கள் கையெழுத்து தெளிவாக இல்லை என்பதோ, மருந்துப் பெயர் உங்களுக்குத் தெரியாது என்பதோ இதற்குக் காரணம் அன்று. செவிலியர் ஆணையைக் கேட்கும்போது வெறுமனே கேட்பதில்லை. அந்த நோயாளியின் சிறுநீரகம் சரியாக இயங்கவில்லை என்பதும், அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதும், காலையில் இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது என்பதும் அவர் மனத்தில் இருக்கும், "டாக்டர், இவருக்கு இதைக் கொடுக்கலாமா?" என்று அவர் திருப்பிக் கேட்பார். பிறகு எழுதியதை எழுதியபடி திரும்பப் படித்துக்காட்டி உறுதி பெறுவார். நீங்கள் எழுதினால் அந்தத் தடுப்புச் சுவர் முழுவதும் விழுந்துவிடுகிறது. ஒரு தவறான அளவு யாரும் கேள்வி கேட்காமலே மருந்து வண்டிவரை போய்விடும். "நான்கு மணிக்கு வருகிறேன், கேஸ் ஷீட்டை எடுத்து வையுங்கள்" போன்ற தகவல்களை நீங்கள் தாராளமாகப் பெறலாம். நாளைக் காலை ஈசிஜி எடுக்கச் சொல்வது போன்ற, மருந்து அல்லாத ஆணைகளைப் பொறுத்தவரை, உங்கள் மருத்துவமனையின் எழுத்து வடிவிலான விதி அனுமதித்தால் மட்டும் பெறுங்கள். "இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆய்வகத்திலிருந்து அவசரமாக வரும் ஆபத்து அளவு முடிவுகளையும் இதே கண்ணோடு பாருங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் இயல்பாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். 6.8 என்று ஆய்வகம் அழைத்துச் சொன்னால், அடுத்த சில நிமிடங்களில் இதயத் துடிப்பே தடுமாறக்கூடிய செய்தி அது. நீங்கள் அதைக் குறித்து வைத்துவிட்டு, செவிலியர் வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தால், அந்தக் குறிப்பின் மேல் ஒரு கோப்பு வந்து விழ அரை நிமிடம் போதும். இணைப்பைத் துண்டிக்காமல் செவிலியரிடம் கொடுங்கள். அவர் கை ஓயவில்லை என்றால் அடுத்த செவிலியர். அவரும் இல்லையென்றால் டியூட்டி டாக்டர்.

இதுவரை நீங்கள் செய்யக் கூடாதவற்றையே சொன்னேன். இனி உங்கள் பணி என்ன என்ற கேள்விக்கு வருகிறேன்.

இப்பணி செவிலியர் பற்றாக்குறையிலிருந்து பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940களில், அமெரிக்க மருத்துவமனைகளில் செவிலியர் போதாமல் போனபோது, நோயாளியைத் தொடத் தேவையில்லாத தாள் வேலைகளைப் பிரித்து, அதே இடத்தில் பயிற்றுவிக்கப்பட்ட வார்டு எழுத்தர்களிடம் கொடுத்தார்கள். இரண்டு தலைமுறைக் காலத்தில் அது தனித் தொழிலாக வளர்ந்தது. 1980ஆம் ஆண்டு நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ஹெல்த் யூனிட் கோஆர்டினேட்டர்ஸ் என்ற சங்கம் அங்கே அமைந்தது, 1983ஆம் ஆண்டு சான்றிதழ் தேர்வும் வந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களைச் செவிலியரின் உதவியாளர் என்று யாராவது கருதினால், அந்தக் கருத்து வரலாற்றில் வேரூன்றியது. ஆனால் பழைய வேர். இன்று நீங்கள் செய்வது வேறு. செவிலியரின் பார்வை அவருக்கு ஒதுக்கப்பட்ட ஆறு அல்லது எட்டு நோயாளிகள்மீது இருக்கும். மருத்துவரின் பார்வை தம் நோயாளிகள்மீது இருக்கும். ஆய்வகம், மருந்தகம், ஸ்கேன், பில்லிங், உணவுப் பிரிவு, ஹவுஸ்கீப்பிங் ஆகிய ஒவ்வொன்றும் தன் வரிசையை மட்டும் பார்க்கும். முப்பத்திரண்டு படுக்கைகளுக்கும் இத்தனை பிரிவுகளுக்கும் இடையே ஓடும் செய்திகள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து பார்க்கக்கூடியவர் நீங்கள் ஒருவரே. தாமதமானால் எல்லோரும் உங்கள் மேசைக்கு வருவதும் அதனால்தான். அவர்கள் குற்றம் சாட்ட வருவதாக நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள், பாதிப் பேர், "இது எங்கே நிற்கிறது?" என்று தெரிந்துகொள்ளத்தான் வருகிறார்கள்.

இந்த மேசையில் 22 ஆண்டுகள் அமர்ந்திருந்தேன். இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறேன். பணியின் எல்லையைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செய்தியின் பொருளைத் தீர்மானிப்பது உங்கள் பொறுப்பு அன்று, செய்தி உரியவரிடம் சேர்ந்ததா என்று கடைசிவரை பார்ப்பது முழுக்க உங்கள் பொறுப்பு. முதல் பாதியை எல்லோரும் எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு மாலை, சிறுநீர் குறைந்துகொண்டே வந்த முதியவர் ஒருவரைச் சிறுநீரக மருத்துவர் பார்க்க வேண்டும் என்று ஆணை எழுதப்பட்டது. நான் உடனே அழைத்தேன். அவருடைய உதவியாளர் எடுத்தார், விவரம் கேட்டார், "சரி, சொல்லிவிடுகிறேன்" என்றார். கேஸ் ஷீட்டில் நேரம் குறித்து, "தெரிவிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்த உதவியாளரின் ஷிஃப்ட் பத்து நிமிடத்தில் முடியவிருந்தது எனக்குத் தெரியாது. அவர் எழுதி வைத்த சீட்டு யார் கண்ணிலும் படவில்லை. என் ஷிஃப்ட் முடிந்து நானும் போனேன். இரவுச் செவிலியர் கேஸ் ஷீட்டைப் புரட்டி, தெரிவிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்து, மருத்துவர் வருவார் என்று காத்திருந்தார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில்தான் யாரும் வரவில்லை என்பது தெரிந்தது. முதியவர் பிழைத்துக்கொண்டார், ஆனால் முந்தைய மாலையே தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை பதினான்கு மணி நேரம் தள்ளிப்போனது. என்மீது யாரும் கோபப்படவில்லை, ஏனெனில் தாளின்படி நான் என் வேலையைச் செய்துவிட்டேன். அந்த ஒரு சொல் மட்டும் என்னைப் பல நாட்கள் உறுத்தியது. நான் எழுதாமல் விட்டிருந்தால்கூட இரவுச் செவிலியர் சந்தேகப்பட்டு மறுபடி அழைத்திருப்பார். என் "தெரிவிக்கப்பட்டது" அவருடைய கையைக் கட்டிப்போட்டுவிட்டது.

அன்றுமுதல் யாரிடம், எந்த நேரத்தில் சொன்னேன், அவர் என்ன பதில் சொன்னார், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்ற நான்கையும் எழுதும் பழக்கம் வந்தது. "மாலை 5.40, சிறுநீரக மருத்துவரின் உதவியாளரிடம், மருத்துவர் வேறு சிகிச்சையில், 6.15க்கு மீண்டும் அழைக்க வேண்டும்." மேசையில் ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு வைத்துக்கொண்டு, முடியாத விஷயங்களை மட்டும் அதில் எழுதுங்கள்; முடிந்ததும் அடியுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அடிக்கப்படாத வரிகளை அடுத்தவரிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டி ஒப்படையுங்கள். கணினியில் பணிப் பட்டியல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். அனுப்பியதைத்தான் கணினி காட்டும்; மறுமுனையில் ஒரு மனிதர் அதைப் படித்துவிட்டு எழுந்தாரா என்பது அதற்குத் தெரியாது.

ஆணைகளைக் கையாள்வதில் இன்னொரு நுட்பம் உண்டு. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன், 2004ஆம் ஆண்டு, எழுதவே கூடாத சுருக்கங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. இன்சுலின் அளவில் யூனிட் என்பதற்குப் பதில் "யூ" என்ற ஆங்கில எழுத்தை மட்டும் கிறுக்கினால், அது சுழியமாகத் தோன்றி, 10 யூனிட் 100 ஆகப் படிக்கப்படும். 1 மில்லிகிராம் என்பதை 1.0 என்று எழுதினால், புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும், 0.5 என்பதை முன்சுழியம் இல்லாமல் எழுதினால் 5 ஆகிவிடும். "எம்எஸ்" என்று எழுதியது வலியைத் தணிக்கும் மார்ஃபின் சல்பேட்டா, மெக்னீசியம் சல்பேட்டா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். கையால் எழுதும் ஆணைத்தாள் இன்னும் உங்கள் வார்டில் இருந்தால், இவற்றை முதலில் காண்பவர் நீங்கள்தான். நான்கு மாதங்களில் ஒரு மருத்துவரின் கிறுக்கல் உங்களுக்குப் பழகியிருக்கும். அந்தப் பழக்கத்தின் பலத்தில் ஊகிக்காதீர்கள். தாளைச் செவிலியரிடம் காட்டி, எழுதியவரிடமே கேட்டுத் தெளிவுபெறச் செய்யுங்கள்.

அடுத்தது, பரிசோதனைகளுக்கு நேரம் வாங்குதல். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தொலைபேசி வேலை. உள்ளே இருப்பவர்களுக்கு இதுவே இந்தப் பணியில் மிகுந்த அறிவு தேவைப்படும் பகுதி, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும்கூட. எதை முன்னால் வைக்க வேண்டும், எதைப் பின்னால் வைக்க வேண்டும் என்ற வரிசை தவறினால், பரிசோதனையே வீணாகும். பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் படத்தை முதலில் எடுத்துவிட்டால், வயிற்றில் தங்கும் பேரியம் அதற்குப் பின் எடுக்கும் அல்ட்ராசவுண்டையும் சிடி ஸ்கேனையும் மறைத்துவிடும். ஆகவே பேரியம் கடைசியில் வர வேண்டும். அயோடின் கலந்த சாயம் செலுத்தி சிடி எடுத்துவிட்டால், தைராய்டு அயோடினை உறிஞ்சும் அளவைப் பார்க்கும் ஸ்கேன் பல வாரங்களுக்குப் பயன்படாது. அதே சாயத்துக்கு முன் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் முடிவு கையில் இருக்கிறதா, முன்பு சாயத்தால் ஒவ்வாமை வந்திருக்கிறதா, நோயாளி சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று ஸ்கேன் பிரிவு கேட்கும். எம்ஆர்ஐ என்றால் இதயத்தில் பேஸ்மேக்கர், காதினுள் பொருத்திய கருவி, உடலில் உலோகத் துண்டு ஆகியவை குறித்த கேள்விப் படிவத்தை நிரப்பாமல் நேரம் வாங்குவது, நோயாளியை வாசல்வரை அனுப்பித் திருப்பி அழைப்பதற்குச் சமம். இந்தக் கேள்விகளுக்கு விடை தர வேண்டியவர் நீங்கள் இல்லை. செவிலியரும் மருத்துவரும் தர வேண்டும். ஆனால் கேள்விகள் கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே அறிந்து, விடைகளைத் திரட்டிக்கொண்டு தொலைபேசியை எடுப்பவருக்கும், எடுத்தபின் ஓடுபவருக்கும் இடையே ஒரு நோயாளிக்கு ஒரு நாள் வித்தியாசம் வரும்.

பட்டினி நேரத்தையும் கணக்கில் வையுங்கள். மயக்கமருந்து கொடுக்கும் சிகிச்சைகளுக்கு முன், பொதுவாகத் தெளிந்த திரவத்தை 2 மணி நேரமும் இலேசான உணவை 6 மணி நேரமும் நிறுத்துவார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு நேரம் கிடைத்த ஒருவரை நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூட இல்லாமல் வைத்திருப்பது எந்த விதியிலும் இல்லை. சொல்ல ஆள் இல்லாததால் நடப்பது அது. நேரம் தள்ளிப்போனால் முதலில் செவிலியருக்கும் அடுத்து உணவுப் பிரிவுக்கும் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் காலையின் முதல் இடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரத்த மாதிரிகளிலும் நேரமே பாதி உண்மை. கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கான (கல்ச்சர்) இரத்தத்தை, நோயாளியின் நிலை இடம் கொடுத்தால், ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் இரத்தத்தில் மிகக் குறைந்திருக்கும் அடிமட்ட அளவைப் பார்க்கும் மாதிரியை அடுத்த ஊசிக்குச் சற்று முன் எடுக்க வேண்டும். கல்ச்சருக்கும் ஆன்டிபயாட்டிக்குக்குமான ஆணைகள் ஒரே தாளில் அடுத்தடுத்து வந்திருந்தால், "சிஸ்டர், கல்ச்சர் எடுத்தாகிவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நல்ல செவிலியர் யாரும் நினைக்க மாட்டார். "ஸ்டாட்" என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடனே என்ற பொருள்படும் லத்தீன் சொல்லின் சுருக்கம் அது. எல்லா மாதிரியிலும் அதை ஒட்டி அனுப்பும் வார்டை ஆய்வகம் சில வாரங்களில் அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு உண்மையான அவசரமும் வரிசையில் நிற்கும். உங்கள் கையில் உள்ள அந்த முத்திரையைச் சிக்கனமாகச் செலவிடுங்கள்.

படுக்கை ஒதுக்கீட்டில் முடிவெடுப்பவர் பொறுப்புச் செவிலியர். அவர் முடிவெடுக்கத் தேவையான படத்தை வைத்திருப்பவர் நீங்கள். காசநோய், தட்டம்மை, சின்னம்மை ஆகியவை காற்றின் வழி பரவுபவை. அவற்றுக்குக் காற்றழுத்தம் குறைந்த தனி அறை தேவை. ஆகையால் அவசரப் பிரிவு நோயாளியை அனுப்பும் முன்பே சந்தேக நோய் என்ன என்று கேட்டுவிடுங்கள். ஒரே பெயர் அல்லது ஒலியில் நெருங்கிய பெயர் உடைய இருவர் ஒரே வார்டில் இருந்தால், அவர்களை அடுத்தடுத்த படுக்கைகளில் வைக்க வேண்டாம் என்று நினைவூட்டுங்கள், இரண்டு கேஸ் ஷீட்டிலும் பெயர் எச்சரிக்கை ஒட்டுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட நோயாளிப் பாதுகாப்புக்கான ஒன்பது தீர்வுகளில் அடையாளம் காணலும், பணி கைமாறும்போது நடக்கும் தகவல் பரிமாற்றமும் தனித்தனி இடம் பெற்றிருக்கின்றன. இரண்டும் உங்கள் மேசையைக் கடந்தே நடக்கின்றன. "பன்னிரண்டாம் படுக்கை" என்பது ஒருபோதும் நோயாளியின் அடையாளம் ஆகாது. படுக்கை மாறும், ஆள் மாறமாட்டார். பெயரும் பதிவு எண்ணும் சேர்த்துச் சொல்லும் வழக்கத்தை நீங்கள் தொடங்கினால், தொலைபேசியின் மறுமுனையும் மெல்ல அதைப் பின்பற்றும்.

டிஸ்சார்ஜ் நாளில்தான் உங்கள் மேசைக்கு மிகுதியான கோபம் வரும். காலை ரவுண்ட்ஸில், "இன்று வீட்டுக்குப் போகலாம்" என்று மருத்துவர் சொன்ன கணத்திலேயே குடும்பத்தினர் பையைக் கட்டிவிடுகிறார்கள். அதற்குப் பின் டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாக வேண்டும், மருத்துவர் திருத்திக் கையெழுத்திட வேண்டும், பயன்படுத்தாத மருந்துகள் மருந்தகத்துக்குத் திரும்ப வேண்டும், பில் முடிய வேண்டும், காப்பீடு இருந்தால் ஒப்புதல் வர வேண்டும், அடுத்த வருகைக்கு நாள் வாங்க வேண்டும். இவற்றில் ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும். படுக்கை காலியாகாததால் கீழே அவசரப் பிரிவில் ஒருவர் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருப்பார். முந்தைய மாலையே, "நாளை யார் யார் போகக்கூடும்?" என்று பொறுப்புச் செவிலியரைக் கேட்டு, சம்மரியின் வரைவையும் மருந்துக் கணக்கையும் அன்றே தொடங்கச் செய்யுங்கள். நான் பார்த்தவரை, இந்த ஒரு கேள்வி குறைக்கும் காத்திருப்பை வேறு எந்த மென்பொருளும் குறைத்ததில்லை. இன்னொன்று: நோயாளி போகும்போது வராத பரிசோதனை முடிவு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். திசுப் பரிசோதனை முடிவு ஒரு வாரம் கழித்து வந்து, காலியான படுக்கையின் பெயரில் கோப்பறைக்குப் போய்ச் சேர்வது நடக்கக் கூடாத ஒன்று. நிலுவையில் உள்ளது எது, அதை எந்த மருத்துவர் பார்ப்பார் என்பது சம்மரியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லையென்றால் கையெழுத்துக்குப் போகும் முன் சுட்டிக்காட்டுங்கள்.

கோட் ப்ளூ, அதாவது ஒரு நோயாளியின் இதயமோ மூச்சோ நின்றுபோனதற்கான அவசர அழைப்பு, அந்த நேரத்தில் உங்கள் பங்கு சிறியது, ஆனால் அதைச் செய்ய வேறு ஆள் இருக்காது. அவசர எண்ணை அழைத்து, வார்டையும் படுக்கையையும் இருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். குழு வரும் வழியைத் திறந்து வைக்கச் செய்யுங்கள். கேஸ் ஷீட்டையும் அண்மை ஆய்வக முடிவுகளையும் படுக்கையருகே அனுப்புங்கள். சிகிச்சை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். மேசைத் தொலைபேசியைப் பிற அழைப்புகளுக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்துப் படுக்கையின் உறவினர்கள் பதறி உங்களிடம்தான் வருவார்கள். அவர்களை அமரச் சொல்ல ஒரு நாற்காலியும் நிதானமான குரலும் போதும்.

உறவினர்கள் முடிவைக் கேட்பது பற்றி எழுதியிருந்தீர்கள். திரையில் முடிவு உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும், அதுதான் சங்கடம். "எனக்குத் தெரியாது" என்று பொய் சொல்ல வேண்டாம். "முடிவு வந்திருக்கிறது, அதை விளக்க வேண்டியவர் மருத்துவர், அவர் பதினொரு மணிக்கு வருகிறார், நீங்கள் காத்திருப்பதை அவரிடம் சொல்லிவைக்கிறேன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி சொல்லியும் வையுங்கள். "எல்லாம் நார்மல்தான்" என்ற ஆறுதல் வார்த்தையும் ஒரு மருத்துவக் கருத்துதான், கவனம். தொலைபேசியில் கேட்பவர்கள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். மகன் என்று சொல்பவர் மகனா, நோயாளி அவரிடம் சொல்ல விரும்புகிறாரா என்று குரலை வைத்து அறிய முடியாது. எழுந்து போகும்போதெல்லாம் திரையைப் பூட்டுங்கள், கடவுச்சொல்லை யாருக்கும் கடன் கொடுக்காதீர்கள். ஆவணத்தில் தவறாக எழுதிவிட்டால், படிக்கும்படியாக ஒற்றைக் கோடு இழுத்து, தேதியும் நேரமும் கையெழுத்தும் இடுங்கள். வெள்ளை மை பூசுவதும் பழைய நேரத்தைப் போட்டு எழுதுவதும் சிறிய தவறைப் பெரிய குற்றமாக்கிவிடும்.

கணினி வந்தபின் இந்த வேலை நிலைக்குமா என்கிறீர்கள். ஆணைகளைப் பார்த்து அட்டையில் பெயர்த்தெழுதும் வேலை, நான் சேர்ந்த காலத்தில் ஒரு ஷிஃப்டின் பாதியை விழுங்கியது. மருத்துவரே திரையில் ஆணையிடும் இடங்களில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. அத்துடன் அந்தப் பணியிடங்களில் சிலவும் மறைந்தன என்பதை மறைக்க விரும்பவில்லை. பெயர்த்தெழுதுவதை மட்டுமே தம் வேலையாக நினைத்தவர்களுக்கு அது இழப்புதான். எஞ்சி நிற்பது எது என்று அறிய, கணினி வலையமைப்பு நின்றுபோகும் ஒரு நாளைப் பாருங்கள். காகிதப் படிவங்கள் எந்த அலமாரியில் உள்ளன, யாரை எந்த எண்ணில் அழைப்பது, எந்த மாதிரி அனுப்பப்பட்டு முடிவு வரவில்லை, வலையமைப்பு திரும்பியதும் எவற்றை எந்த வரிசையில் பதிவேற்றுவது என்று அன்று எல்லோரும் யாரிடம் கேட்கிறார்கள்? அதற்கான பெட்டி ஒன்றை உங்கள் வார்டில் இப்போதே தயாராக வையுங்கள். படிவங்கள், எண்கள், காலையில் அச்சிட்ட நோயாளிப் பட்டியல் மூன்றும் அதில் இருந்தால் போதும். கல்விக்கு ஆசையிருந்தால் மருத்துவச் சொற்களையும் அடிப்படை உடலியலையும் படியுங்கள். வணிகவியல் படித்த உங்களுக்கு மருத்துவ ஆவண நிர்வாகம், படுக்கை மேலாண்மை, தர மேம்பாட்டுப் பிரிவு ஆகிய கதவுகளும் திறந்திருக்கின்றன.

இறுதியாக அந்தக் கடைசி வரி, "பிற பணிகள்". அதை எதிர்த்து மனு எழுதாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு, நோட்டின் பின்பக்கத்தில், பணி விவரத்தில் இல்லாமல் உங்களிடம் வந்த வேலைகளைத் தேதியோடு மட்டும் குறித்து வாருங்கள்; யார் சொன்னார் என்ற பெயர் வேண்டாம். நோயாளியைத் தொடுவது, மருந்தைத் தொடுவது, சான்றுக் கையெழுத்து ஆகியவற்றின்கீழ் வருபவற்றை ஒரு பக்கமாகவும், ஸ்டேஷனரி எண்ணுவது, சக்கர நாற்காலி தேடுவது போன்றவற்றை மறுபக்கமாகவும் பிரியுங்கள். இரண்டாம் பக்கத்தில் உள்ளவற்றைப் பற்றி நீங்களும் பொறுப்புச் செவிலியரும் பேசி, எது அட்டெண்டருக்கு, எது உங்களுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். அதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் பக்கத்தைப் பற்றிப் பேரம் பேச எதுவும் இல்லை. அதை எழுத்து வடிவில் கேட்டு வாங்கி, இரவு ஷிஃப்டில் இருப்பவர்களும் பார்க்கும்படி மேசைக் கண்ணாடியின் அடியில் வையுங்கள்.